ஒற்று மிகும் இடம்

— அதை அழித்துவிடுங்கள், முகேஷ்குமார். முதலிலிருந்து சொல்கிறேன், எழுதுங்கள். இரண்டாயிரத்து இருபத்து நான்காம் ஆண்டு, நவம்பர் மாதம் பதினான்காம் நாள், வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. இடம், திண்டுக்கல் நாகல் நகரிலுள்ள இந்தக் கண் மருத்துவமனையின் நிர்வாக அறை. விசாரிப்பவர், நிர்வாக அலுவலர் இஞ்ஞாசியம்மாள். பதிவு செய்பவர், கணினிப் பிரிவின் தலைவர் முகேஷ்குமார். விசாரிக்கப்படுபவர், அப்பிரிவின் பணியாளர் மெஹராஜ். பொருள், நேற்று முன்தினம் சர்வர் பழுதானபோது, கடைசி ஐந்து வாரத்து விழித்திரைப் படங்களுக்குக் காப்புப் பிரதி எதுவும் இல்லாமற்போனது. எழுதியாயிற்றா?

— ஆச்சு மேடம்.

— திரையைத் திருப்புங்கள். ‘இஞாசியம்மாள்’. என் பெயரில் ஓர் எழுத்தைத் தின்றுவிட்டீர்கள்.

— டைப்பிங் மிஸ்டேக் மேடம். சிம்பிளா சொன்னா, அர்த்தம் ஒண்ணும் மாறலையே.

— உங்கள் பெயரில் ‘ஷ்’ஷை எடுத்துவிட்டு ‘முகே குமார்’ என்று வருகைப் பதிவேட்டில் எழுதட்டுமா? அர்த்தம் ஒன்றும் மாறாது. ஞ் போடுங்கள்.

— போட்டுட்டேன் மேடம்.

— அம்மா, நான் நின்னுக்கிட்டே இருக்கணுமா, உக்காரலாமா?

— உட்கார், மெஹராஜ். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்.

— மேடம், இதுக்கு இம்புட்டு நேரம் வேண்டியதே இல்ல. லெட்டர நானே அடிச்சுக் கொண்டாந்துட்டேன். ‘என் கவனக்குறைவால் நேர்ந்த இழப்புக்கு நானே பொறுப்பு, இன்றோடு பணியிலிருந்து விலகுகிறேன்.’ கீழ மெஹராஜ்னு பேரும் போட்டாச்சு. ஒரு கையெழுத்து, வேலை முடிஞ்சுச்சு.

— போட மாட்டேன் சார்.

— இங்க பாரும்மா, நான் உனக்கு நல்லதுதான் பண்றேன். டிஸ்மிஸ்னா அசிங்கம். நீயா போனா கவுரவம்.

— கவுரவத்த நீங்களே வச்சுக்கிருங்க. வேலை போனா போகுது, வேற எடம் தேடிக்கிருவேன். ‘கவனக்குறைவு’ங்கற வார்த்தையக் கையில குடுத்து அனுப்புனா, மதுரையிலயும் சரி, பழனியிலயும் சரி, எந்த ஆஸ்பத்திரியில என்னையக் கம்ப்யூட்டர் முன்னால உக்கார விடுவாங்க? எனக்கு இருக்கறது அந்த ஒரு பேருதான் சார். அத உங்ககிட்ட எழுதிக் குடுத்துட்டுப் போக முடியாது.

— கடிதத்தை இப்படிக் கொடுங்கள். ம். ஒரு பிழைகூட இல்லை. அடுத்தவர் குற்றத்தை எழுதும்போது மட்டும் உங்களுக்கு இலக்கணம் வந்துவிடுகிறது, முகேஷ்குமார்.

— தேங்க்ஸ் மேடம்.

— அது பாராட்டு அல்ல. மெஹராஜ், உன் வேலை என்ன? எனக்குப் புரியும்படி சொல்.

— பகல்ல எடுக்கற கண்ணு படமெல்லாம் சர்வர்ல இருக்கும்மா. ராத்திரியானா அது அம்புட்டும் டேப்புக்குக் காப்பியாகணும். பின்னாடி ரூம்ல பீரோ மாதிரி ஒண்ணு நிக்குதுல்ல, அதுதான் டேப் லைப்ரரி. உள்ள அடுக்கடுக்கா டேப்பு இருக்கும். ஒரு இரும்புக் கை, தானா நகந்து போயி டேப்ப எடுத்து டிரைவுக்குள்ள சொருகும். எழுதி முடிஞ்சதும் உருவி எடுத்து அடுக்குல வச்சிரும். ராத்திரி வேலை ஒழுங்கா நடந்துச்சான்னு காலைல நான் கமாண்ட் அடிச்சுப் பாப்பேன்.

— கட்டளை.

— கட்டளை அடிச்சுப் பாப்பேன்.

— கட்டளையை இடுவார்கள். அடிப்பது கொசுவை.

— இட்டுப் பாப்பேன்மா.

— இந்த ஐந்து வாரமும் இட்டுப் பார்த்தாயா?

— ஒரு நாள் விடல. ‘தோல்வி எதுவும் இல்லை’ன்னு தெனமும் ஒரே பதில். அதத்தான் அறிக்கையா எடுத்து உங்க மேசைக்கு அனுப்பிச்சேன்.

— வந்தது. நானும் தினமும் கையெழுத்திட்டேன்.

— பாருங்க மேடம், பொய் ரிப்போர்ட்டு குடுத்து உங்க கையெழுத்தையும் வாங்கியிருக்காங்க. சிம்பிளா சொன்னா, டிரைவுக்குள்ள அழுக்கு. அதத் தொடைக்கறதுக்குன்னு தனி டேப்பு உண்டு, அது தீந்துபோச்சு. அஞ்சு வாரமா ஒரு ராத்திரி கூட எழுதல. மிசினு மொகத்துல மஞ்ச லைட்டு கண்ணடிச்சுக்கிட்டே இருந்திருக்கு. கண்ணாஸ்பத்திரியில வேலை பாக்கறவங்களுக்கு அந்த லைட்டு தெரியலன்னா நான் என்ன சொல்றது?

— லைட்டு ரூமுக்குள்ள இருக்கு. ரூமு உங்க பூட்டுக்குள்ள இருக்கு. சாவி உங்க இடுப்புல இருக்கு. நான் எங்கிட்டுப் போயிப் பாக்கறது சார்?

— பாதுகாப்புக்குப் போட்ட பூட்டும்மா அது.

— தெரியும் சார். நம்ம ஊருப் பூட்டு, கெட்டிப் பூட்டு. வெளியாளு ஒருத்தனும் உள்ள போகல. நானும் போகல. அழுக்கு மட்டும் போயிருச்சு.

— அழுக்கு எப்படிப் போனது?

— ஆயுத பூஜைக்கு ரூமச் சுத்தம் பண்றேன்னு சாரு வெளக்கமாத்த எடுத்துக்கிட்டு உள்ள போனாரும்மா. ஒட்டடை, புழுதின்னு அம்புட்டையும் தட்டினாரு. மிசினு ஓடிக்கிட்டு இருக்கையிலயே தட்டினாரு. மெத்துன்னு போயி டிரைவு வாயில உக்காந்திருக்கும்.

— வருசா வருசம் பண்றதுதான மேடம். சுத்தம் பண்ணதெல்லாம் ஒரு குத்தமா?

— ‘ரூமத் தொறந்தா ஏசி குளிரு வெளிய போயிரும், எல்லாத்தையும் ஒக்காந்த எடத்துலருந்தே கமாண்டுல பாரு’ன்னு எங்கிட்டச் சொன்னது யாரு சார்?

— சொன்னீர்களா, முகேஷ்குமார்?

— பேசிக்கா அது ஒரு பாலிசி மேடம்.

— நான் கேட்டதற்கு இரண்டு விடைகள்தான் உண்டு. ஆம், இல்லை. பாலிசி என்பது அவற்றில் இல்லை.

— ஆமா மேடம்.

— ‘ஆம்’ என்று எழுதுங்கள். அழுத்தி எழுதுங்கள்.

— மேடம், மணி மூணு தாண்டிருச்சு. நான் இன்னும் சாப்பிடக்கூட இல்ல. பிரியாணிப் பார்சல் ஆறிக்கிட்டு இருக்கு.

— ஆறட்டும். உங்களிடம்தான் எல்லாவற்றுக்கும் காப்புப் பிரதி இருக்குமே. காலையில் ஒட்டன்சத்திரத்திலிருந்து பெருமாள்சாமி என்று ஒருவர் வந்திருந்தார். தக்காளி வியாபாரி. சென்ற மாதம் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இடக்கண்ணுக்கு லேசர் வைக்க முடியும் என்கிறார் மருத்துவர். படம் தொலைந்துவிட்டது என்று அவரிடம் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது.

— சத்தம் போட்டாரா மேடம்?

— போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ‘ஏனுங்கம்மா, அழுகின தக்காளியக்கூட எங்க கொட்டுனோம்னு நாங்க சொல்லிப்போடுவோமுங்க. என்ற கண்ணு எங்கீங்க போச்சு?’ என்று கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அது பழக்கமில்லை.

— அவருக்குத் திரும்ப ஊசி போட்டு, கலர் மருந்து ஏத்தித்தான் படம் எடுக்கணும். போன தடவையே மயக்கம் வந்து படுத்துட்டாரும்மா. எனக்கு ஞாவகம் இருக்கு.

— நினைவு இருக்கிறதல்லவா. அப்படியானால் இதற்கு விடை சொல். தினமும் ‘இல்லை’ என்றே பதில் வந்தால் உனக்குச் சந்தேகம் வர வேண்டாமா? உன் கட்டளை எதைத் தேடுகிறது?

— நீங்க பொறுப்புக்கு வந்தப்ப, இங்க எந்த அறிவிப்பா இருந்தாலும் தமிழ்ல இருக்கணும்னு சொன்னீங்களா. அதனால ஒவ்வொரு ராத்திரியும் வேலை முடிஞ்சதும் மிசினு தமிழ்லயே ஒரு வரி எழுதி வைக்கும். நல்லா நடந்துருந்தா ‘காப்பு பிரதி வெற்றி’. கெட்டுப்போயிருந்தா ‘காப்பு பிரதி தோல்வி’. என் கட்டளை அந்தக் குறிப்புக்குள்ள ‘காப்பு பிரதி தோல்வி’ இருக்கான்னு தேடும். இருந்தா எடுத்துக் காட்டும். இல்லாட்டி ‘தோல்வி எதுவும் இல்லை’ங்கும்.

— காப்புப் பிரதி.

— என்னம்மா?

— ‘காப்பு பிரதி’ என்று ஒன்று தமிழில் கிடையாது. காப்புப் பிரதி. நடுவில் ப் வரும். மூன்று முறை சொன்னாய், மூன்று முறையும் விழுங்கினாய்.

— அது கண்டிப்பா வரணுமாம்மா? வந்தாலும் சரி, வராட்டியும் சரின்னு இல்லையா?

— கடைத்தெருவுக்குப் போய்ப் பார். பூட்டுக் கடை என்று எழுதியிருப்பான். நடுவில் க் இருக்கிறதா, இல்லையா? வன்தொடர்க் குற்றியலுகரத்துக்குப் பின்னால் வல்லினம் மிகும். பூட்டுக் கடை, காப்புப் பிரதி. பூட்டு விற்பவனுக்குத் தெரிந்தது, கணினி படித்த உனக்குத் தெரியவில்லை.

— எனக்குத் தெரியலம்மா. சாருக்கும் தெரியாது. அப்ப நம்ம ஆஸ்பத்திரியில எல்லாத்துலயும் அதத் திருத்தியாச்சுங்களா?

— நான் வந்த பிறகு இந்தக் கட்டடத்தில் ஒற்றுப் பிழையுள்ள பலகை ஒன்றுகூடக் கிடையாது. ‘மருந்து கடை’ என்று தொங்கியது. க் போட வைத்தேன். ‘கண்ப் பரிசோதனை’ என்று ஒரு மேதை எழுதியிருந்தான். ப்பை எடுக்க வைத்தேன். கணினிப் பிரிவின் மாத அறிக்கையிலும் நீ சொன்ன அதே அவலட்சணம்தான் இருந்தது. இவரை அழைத்து, அந்த இயந்திரம் எழுதும் வரியிலேயே ப்பைச் சேர்க்கச் சொன்னேன். அப்போதும் இவர் சும்மா இருக்கவில்லை. ‘தோல்விக்கு முன்னாடியும் ஒரு த் போட்டுரவா மேடம்’ என்று கேட்டார்.

— நீங்க சொல்றதுல ஒண்ணு எப்பவும் எனக்குக் கொழம்பும் மேடம்.

— ஒன்று மட்டுமா?

— எப்பம்மா அது? ப் போடச் சொன்னது?

— ஆயுத பூஜை விடுமுறைக்கு முதல் நாள். ஏன்?

— சார், அம்மா இப்பச் சொன்னத எழுதிட்டீங்களா?

— எழுதிக்கிட்டுத்தான இருக்கேன். எல்லாத்தையும் எழுதச் சொல்லித்தான மேடம் உக்கார வச்சிருக்காங்க.

— ‘இயந்திரம் எழுதும் வரியில் ப் சேர்க்கச் சொன்னேன், ஆயுத பூஜை விடுமுறைக்கு முதல் நாள்.’ அது வரைக்கும் இருக்கா?

— இருக்கும்மா. அதுக்கென்ன இப்ப?

— ஒண்ணுமில்ல. அம்மா, செத்த நேரம் என் லேப்டாப்பப் பாருங்க. உங்க பக்கமாத் திருப்பி வைக்கறேன். இது அஞ்சு வாரத்துக் குறிப்பு. இப்ப நான் தெனமும் இடற அதே கட்டளைய இடறேன். என்ன வருது?

— ‘தோல்வி எதுவும் இல்லை.’

— இதத்தான் உங்களுக்கு அனுப்புனேன். இந்தக் கட்டளைக்கு இலக்கணமும் தெரியாது, அர்த்தமும் தெரியாது. எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருந்தாத்தான் ஆமாங்கும். ஒரு புள்ளி கூடுனாலும் வேற ஆளுன்னு விட்டுரும். இப்ப நீங்க சொன்ன ப்பச் சேத்துத் தேடறேன். வாய்விட்டுப் படிங்கம்மா.

— ‘காப்புப் பிரதி தோல்வி. காப்புப் பிரதி தோல்வி. காப்புப் பிரதி தோல்வி. காப்புப்...’

— இன்னும் கீழ போகும்மா. படிங்க.

— போதும். ஒற்று சரியாக இருக்கிறது.

— ஒரு வரியில கூட விட்டுப்போகலம்மா. அம்புட்டு ராத்திரியும் மிசினு, சுத்தமான தமிழ்ல, ‘என்னால முடியல, முடியல’ன்னு எழுதி வச்சிருக்கு. நான் பிழையான தமிழ்ல தேடிக்கிட்டு இருந்திருக்கேன்.

— இதை நீ எப்போது கண்டுபிடித்தாய்?

— இன்னைக்குக் காலைல.

— உள்ளே நுழைந்ததும் ஏன் சொல்லவில்லை?

— சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? ‘ஒத்தெழுத்தச் சாக்காச் சொல்றியா’ம்பீங்க. சாரு ‘எனக்கு ஒண்ணும் தெரியாது’ம்பாரு. அதான் நீங்களே சொல்லட்டும், சாரே எழுதட்டும்னு உக்காந்திருந்தேன்.

— மேடம், இத நாம ரொம்பப் பெருசாக்க வேண்டாம். சிம்பிளா சொன்னா, அந்த ப்ப எடுத்துட்டா எல்லாம் பழையபடி ஆயிரும். ஒரு நிமிச வேலை.

— தொடாதே.

— மேடம்?

— சரியாக இருக்கும் ஒரே எழுத்து அதுதான். அதை அழித்துத்தான் அந்தக் கட்டளைக்குக் கண் தெரிய வேண்டுமானால், கட்டளையைத் திருத்து. அந்த வரியை மாற்றியது நீதானே?

— நீங்க சொன்னீங்க, நான் மாத்துனேன் மேடம்.

— மாற்றியதை இவரிடம் சொன்னாயா?

— லீவு நேரம் மேடம், வீட்டுல விருந்தாளு, மறந்துபோச்சு.

— எப்போது நினைவு வந்தது?

— அது பேசிக்கா...

— எப்போது?

— சர்வர் போச்சுல்ல, அன்னைக்கு ராத்திரி.

— அதன் பிறகுதான் இந்தக் கடிதத்தை அடித்தாய்.

— மேடம், இம்புட்டு நாளா என்னைய நீங்கன்னுதான சொல்லிக்கிட்டு இருந்தீங்க.

— அது மரியாதைப் பன்மை. மரியாதை இருக்கும் இடத்தில் வரும். கேட்டதற்கு விடை சொல். அதன் பிறகுதானே அடித்தாய்?

— ஆமா மேடம்.

— எழுது. ‘ஆம்.’ இதையும் அழுத்தி எழுது. மெஹராஜ், நீங்களும் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம். தோல்வியைத் தேடினீர்கள், வெற்றியை ஒரு நாளாவது தேடினீர்களா? அந்த வரியிலும் ப் சேர்ந்திருந்தது. தேடியிருந்தால் அதுவும் இல்லை என்று வந்திருக்கும். வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை என்றால், ஏதோ கெட்டுவிட்டது என்று அன்றைக்கே தெரிந்திருக்கும்.

— அது என் தப்புதாம்மா. அதத் தாராளமா எழுதிக்கிருங்க. ஆனா கவனக்குறைவுன்னு எழுதாதீங்க. நான் தெனமும் கவனிச்சேன். தப்பான எடத்தக் கவனிச்சேன்.

— அந்த வேறுபாடு சரியானது. ஏற்கிறேன். முகேஷ்குமார், புதிய பத்தி.

— சொல்லுங்க மேடம்.

— முடிவு. மெஹராஜ் மீதான குற்றச்சாட்டு நீக்கப்படுகிறது. அவர் பணியில் தொடர்வார். சர்வர் அறையின் சாவி இன்றுமுதல் அவரிடம் இருக்கும்.

— இப்பவே குடுக்கணுமா மேடம்?

— இடுப்பில் கிடப்பதுதானே, அவிழ்ப்பதற்கு முகூர்த்தம் பார்க்க வேண்டுமா? கொடுத்துவிட்டு எழுது. தன் மாற்றத்தை மறைத்து, பழியைப் பிறர்மேல் போட முயன்ற முகேஷ்குமார், பிரிவுத் தலைமையிலிருந்து விடுவிக்கப்படுகிறார். பெருமாள்சாமியும் மற்ற நோயாளிகளும் கட்டணமின்றி மறுபடி படம் எடுத்துக்கொள்ளலாம். நடந்ததை ஒளிக்காமல் அவர்களிடம் சொல்ல வேண்டும். காப்புப் பிரதி என்பதில் ப் நீடிக்கும். இனி இயந்திரம் எழுதும் சொல்லில் ஒரு புள்ளியை மாற்றுவதானாலும், அதைத் தேடுபவரிடம் முதலில் கேட்க வேண்டும். யார் மாற்றச் சொன்னாலும்.

— அம்மா, நீங்க ப் போடச் சொன்னது தப்பில்லம்மா.

— ஒற்றைப் பற்றி எனக்குச் சான்றிதழ் தர வேண்டாம், மெஹராஜ். அது தப்பில்லை என்று எனக்குத் தெரியும்.

— அவ்வளவுதான மேடம்? அப்ப அந்த லெட்டரக் கிழிச்சுப் போட்டுரவா?

— கிழிக்காதே. பிழையில்லாமல் நீ எழுதியது அது ஒன்றுதான். ‘என் கவனக்குறைவால்’ என்பதும் இருக்கட்டும், ‘விலகுகிறேன்’ என்பதும் இருக்கட்டும். கீழே உள்ள பெயரை மட்டும் மாற்று.

— எம் பேரயா மேடம்?

— உன்மீது கவனக்குறைவு என்று எப்படி எழுதுவது? நீ கவனமாகத்தானே மறைத்தாய்.

— அப்ப யாரு பேரப் போடறது?

— இஞ்ஞாசியம்மாள். தேடுபவரிடம் கேட்காமல் மாற்றச் சொன்னது நான்தானே. ஞ் போட்டு எழுது. அதை விட்டுவிட்டால், நாளைக்குத் தேடுபவர்களுக்கு ‘எதுவும் இல்லை’ என்றுதான் பதில் வரும்.